பழிக்கு அஞ்சாத பதிப்பாசிரியர்

களு கங்கை நீர்த்தேக்கம் பழைய ஊரை விழுங்கியபின் எழுந்த புதிய பல்லேகமவில், என் இல்லத்துக்கு விடுமுறையில் வந்திருந்தான் என் தமக்கை மகன். மாத்தளையில் உயர்தரம் பயில்பவன். சி. வை. தாமோதரம்பிள்ளையைப் பற்றிய கட்டுரை ஒன்றைக் காட்டினான். நடை தடையின்றி ஓடிற்று. ஆயினும் புறநானூற்றை முதன்முதல் அச்சிட்டவர் பிள்ளையவர்களே என்று ஒரு வரி கண்டேன். அதனை 1894இல் அச்சேற்றியவர் உ. வே. சாமிநாதையர் அல்லவா என்றேன். கட்டுரை செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததென்று பையன் தலைகுனிந்தான். பிழை யாருடையது என்றேன். அதற்கு அவனிடம் விடையில்லை. அன்றிரவு அவனுக்குப் பிள்ளையவர்களின் வரலாற்றைச் சொல்லலானேன்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் 1832இல் பிறந்தவர் அவர். வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்றுத் தமிழகம் சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். பத்திரிகை, கல்லூரி, அரசாங்கக் கணக்கு, வழக்குரைஞர் தொழில், புதுக்கோட்டையில் நீதிபதிப் பதவி என அவர் வகித்தவை பல. அவற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அப்பதவிகளைப் பிறரும் வகித்தனர்.

நிற்க. அவர் தேடிப்பிடித்த சுவடிகளோ செல்லரித்தவை, தொட்டால் உதிர்பவை. ஓலையில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரத்துக்கும் ஒகர ஓகாரத்துக்கும் வடிவ வேற்றுமை இராது. பெறு என்பதும் பேறு என்பதும் ஒரே வடிவில் நிற்கும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே தோன்றும். எழுத்து உதிர்ந்த இடத்தில் யாப்பையும் பொருளையும் பிற ஏடுகளையும் துணைகொண்டு ஊகித்தே பாடம் கொள்ள வேண்டும். இவ்வாறு 1881இல் வீரசோழியமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும் அச்சில் வந்தன.

இவ்விடத்தில் பையன் குறுக்கிட்டான். பொறியும் அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்துத்தானே எழுதுகிறது, அவர் செய்ததும் அதுவே அல்லவா என்றான். கேள்வி என்னைச் சற்றே நிறுத்திற்று. ஊகம் இருவர்க்கும் பொதுவென்பதை மறுக்க இயலாது. ஆனால் பிள்ளையவர்கள் தம் பதிப்புரைகளில் தம் முயற்சியின் இடர்களை மறையாது எழுதினார். பெரும் பட்டங்களைச் சுமந்த புலவர்கள் பெயருக்கு இழுக்கு வருமென்று அஞ்சி நிற்க, பட்டச் சுமையற்ற தாம் துணிந்ததாகக் கூறினார். குறை கூறுவோர்க்கு முகவரியாகத் தம் பெயரையே முகப்பில் நிறுத்தினார். பிற்காலத்தார் திருத்தவும் செய்தனர், கலித்தொகையை இ. வை. அனந்தராமையர் 1925 முதல் மீண்டும் ஆராய்ந்து வெளியிட்டார். யாருடைய பாடத்தோடு மாறுபடுகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் மருமகனின் கட்டுரையில் அந்த ஒருவரைத்தான் என்னால் காண முடியவில்லை.

பிள்ளையவர்கள் 1901 ஜனவரி முதல் நாளில் மறைந்தார் என்று முடித்தபோது, பையன் பழைய தாளை மடித்து வைத்துவிட்டுப் புதுத் தாள் எடுத்தான். காலையில் அரைப் பக்கம் எழுதியிருந்தான். ஓரிடத்தில் சந்திப்பிழை, கலித்தொகையின் ஆண்டும் தவறு. அடியில் தன் பெயரைத் தெளிவாக எழுதியிருந்தான். சிவப்பு மையை எடுத்துக்கொண்டு அவனருகே அமர்ந்தேன்.