கோபிநாத் பர்தோலாயும் ஆறாவது அட்டவணையும்

அரசியல் சட்டத்தின் ஷரத்துக்களைச் சிரத்தையுடன் வாசிப்போரும், இறுதியிலுள்ள அட்டவணைகளை வெறும் ஜாபிதாவென்று எண்ணிப் புரட்டிவிடுவதுண்டு. அது பெரும் பிசகு. 244-வது ஷரத்து அஸ்ஸாம் மலைநாட்டின் ஆட்சியை ஒரே வாக்கியத்தில் ஆறாவது அட்டவணைக்கு விட்டுவிட்டது. அங்கே ஜனங்களின் உரிமையெல்லாம் அட்டவணையிலேயே அடங்கிற்று. அதற்கு அடிகோலியவர் கோபிநாத் பர்தோலாய்.

1890-ல் ரஹா என்னும் ஊரில் பிறந்த அவர், கல்கத்தாவில் பயின்று கௌஹாத்தியில் வக்கீலானார். ஒத்துழையாமை இயக்கத்தில் தொழிலைத் துறந்து சிறை புகுந்தார். 1938-லும் 1946-லும் அஸ்ஸாம் பிரதம மந்திரியானார். அஸ்ஸாமை வங்காளத்துடன் ஒரே தொகுதியில் பிணைக்க 1946-ல் பிரிட்டிஷ் மந்திரி தூதுகோஷ்டி யோசனை கூறியபொழுது, எண்ணிக்கையில் மிகுந்த அண்டை மாகாணம் தம் மாகாணத்தின் விதியை நிர்ணயித்துவிடுமென்று கண்டு, காந்தியடிகளின் ஆதரவுடன் அதை எதிர்த்து நின்றார்.

சமவெளியாரிடம் மலைவாசிகளுக்கும் அதே அச்சம் இருந்தது. 1935-ம் வருஷச் சட்டம் மலைப் பிரதேசங்கள் பலவற்றை மந்திரிகளின் பொறுப்பினின்றும் விலக்கிக் கவர்னர் வசம் விட்டிருந்தது. அந்நியன் எழுப்பிய அச்சுவர் இடிந்தபின் தங்கள் நிலமும் வழக்கமும் என்னாகுமென்று அவர்கள் கலங்கினர். அரசியல் நிர்ணய சபையின் உபகமிட்டிக்குத் தலைமை வகித்த பர்தோலாய், நிக்கல்ஸ் ராய், தக்கர் பாபா முதலியோருடன் 1947-ல் மலைகளுக்கே சென்று விசாரித்தார். நிலம், காடு, கிராம நிர்வாகம், வாரிசுரிமை முதலியவற்றில் சட்டமியற்ற ஜில்லா சபைகள் வேண்டுமென்று கமிட்டி சிபார்சு செய்தது. அது பிரிவினைக்கு வித்தென்று 1949 செப்டம்பரில் அங்கத்தினர் சிலர் கண்டித்தும், சபை அட்டவணையை ஏற்றது.

சட்டம் அமுலுக்கு வந்த 1950-லேயே, ஆகஸ்டு மாதத்தில், பர்தோலாய் காலமானார். அட்டவணை அனைவரையும் திருப்தி செய்யவில்லை. நாகர் அதை ஏற்க மறுத்தனர். பின்னர் மேகாலயமும் மிஜோரமும் அஸ்ஸாமினின்றும் பிரிந்தன. ஆயினும் பிரிந்த அவ்விரண்டும் ஜில்லா சபைகளைக் கைவிடவில்லை; 1985-ல் திரிபுராவும் அவ்வட்டவணைக்குள் வந்தது.

பெரும்பான்மையின் பலத்துக்கு அஞ்சிப் போராடியவர், தாமே பெரும்பான்மையாக நின்றவிடத்தில் அதிகாரத்தைப் பங்கிட்டளித்தார். அவ்வட்டவணையைப் பார்லிமெண்டு சாதாரணச் சட்டத்தினாலேயே திருத்தலாம். ஆதலின் அதற்கு மெய்யான காவல், அதைத் திருத்த வல்லவர்களின் நேர்மையேயாகும்.