நதிவழியே ஒரு முஸாஃபிர்
(உலகப் பயணி இப்னு பதூதாவின் வாழ்வு)



நம் ஊரின் உப்பளங்களை ஒட்டி ஓடும் பக்கிங்காம் கால்வாயை நாம் நாள்தோறும் காண்கிறோம். ஆந்திராவின் பெத்தகஞ்சாமில் தொடங்கி ஏறத்தாழ 420 கிலோமீட்டர் தூரம் தெற்கே வந்து, மரக்காணத்தில் முடிகின்ற நீர்வழி அது. இவ்வூர் உப்பு மூட்டைகள் அக்கால்வாயில் படகேறிச் சென்னைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது. படகோட்டிகள் வழியிலுள்ள ஊர்தோறும் கரையேறித் தண்ணீர் மொண்டு, சோறு சமைத்து, இளைப்பாறிச் சென்றனர். இன்று அப்படகுகள் இல்லை. ஆயினும் நீர்வழிப் பயணம் என்றால் என்ன, கரையோர ஊர்கள் பயணிக்கு என்ன செய்ய வேண்டும் என்பதை, ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பெரும் பயணியின் வரலாற்றிலிருந்து நாம் அறிந்துகொள்ளலாம். அவர்தாம் இப்னு பதூதா (ரஹ்) அவர்கள்.

பிறப்பும் புறப்பாடும்

அபூ அப்துல்லாஹ் முஹம்மது என்னும் இயற்பெயர் கொண்ட இப்னு பதூதா, ஹிஜ்ரி 703 ரஜப் 17-ல் (கி.பி. 1304) மொராக்கோ நாட்டின் தன்ஜா என்னும் தாஞ்சியர் நகரில் பிறந்தார். காழிகளைத் தந்த குடும்பம் அது. அவரும் மாலிகி மத்ஹபின் சட்டங்களைக் கற்றார்.

1325-ஆம் ஆண்டு ஜூன் மாதம், தம் 21-ஆம் வயதில், ஹஜ்ஜை நாடி அவர் வீட்டை விட்டுப் புறப்பட்டார். கூட வரத் தோழர் எவருமில்லை. தாயும் தந்தையும் உயிருடன் இருந்தனர். அவர்களைப் பிரிந்தது தமக்கும் அவர்களுக்கும் தாளாத் துயரமாயிற்று என்பதை அவரே பிற்காலத்தில் பதிவு செய்துள்ளார். ஹஜ்ஜை முடித்துவிட்டு ஓரிரு ஆண்டுகளில் மகன் திரும்பிவிடுவான் என்றே அப்பெற்றோர் எண்ணியிருப்பர். அவர் திரும்பி வர 24 ஆண்டுகள் ஆயின.

நைல் நதியில்

வட ஆப்பிரிக்கக் கரையோரமாகப் பயணம் செய்து 1326 ஏப்ரலில் அவர் இஸ்கந்தரிய்யா (அலெக்சாந்திரியா) சென்றடைந்தார். அங்கே புர்ஹானுத்தீன் என்னும் இறைநேசர், இந்த இளைஞரின் உள்ளத்தில் பயண வேட்கை இருப்பதைக் கண்டு, இந்தியாவிலும் சிந்துவிலும் சீனாவிலும் உள்ள தம் சகோதரர்களைச் சந்தித்துத் தம் சலாமைச் சொல்லுமாறு பணித்தார். அதுவரை அத்தொலைதூர நாடுகளுக்குச் செல்லும் எண்ணமே இப்னு பதூதாவுக்கு இருந்ததில்லை. அந்த ஒரு சலாம் அவருடைய வாழ்வின் திசையையே மாற்றியது.

பின்னர் நைல் நதியின் கழிமுகப் பகதியில் ஊர் ஊராகச் சென்றார். அப்யார் என்னும் ஊரில் ரமளான் பிறை பார்க்கும் வழக்கத்தை அவர் அழகாக வர்ணித்துள்ளார். ஷஃபான் 29-ஆம் நாள் அஸருக்குப் பின் ஊர்ப் பெரியோர்கள் காழியின் இல்லத்தில் கூடுவர். பிறகு ஆண், பெண், சிறுவர் அனைவரும் பின்தொடர ஊருக்கு வெளியே உள்ள மேட்டுக்குச் சென்று பிறை பார்ப்பர். மஃரிபுக்குப் பின் மெழுகுவர்த்திகளும் தீப்பந்தங்களும் ஏந்தி ஊர் திரும்புவர். கடைக்காரர்கள் தங்கள் கடைகளில் விளக்கேற்றி வைப்பர்.

நதி கடலோடு சேருமிடத்திலுள்ள தம்யாத் நகரில் வீடுகளிலிருந்தே நைலுக்குப் படிக்கட்டுகள் இறங்கின. அந்நகருக்குள் நுழைந்தவர் ஆளுநரின் முத்திரையின்றி வெளியேற முடியாது. பிரமுகர்களுக்குக் காகிதத்தில் முத்திரை. மற்றவர்களுக்கு முன்கையிலேயே முத்திரை! இன்று கடவுச்சீட்டோடு விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும் நம் பிள்ளைகள் இதைப் படித்தால் புன்னகை புரிவர். அவர் அவ்வூரை விட்டுச் சென்ற பின்னும் தம்யாத் ஆளுநர் அவரை மறக்கவில்லை. ஒரு குதிரைவீரரை அடுத்த ஊர்வரை அனுப்பி, வழிச்செலவுக்குச் சில திர்ஹம்களைக் கொடுக்கச் செய்தார்.

சமன்னூத் என்னும் ஊரில் படகேறி, நீரோட்டத்திற்கு எதிராகக் கெய்ரோ நோக்கிச் சென்றார். நைல் தெற்கிலிருந்து வடக்கே பாய்கிறது. காற்றோ பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே வீசுகிறது. எனவே மேல்நோக்கிச் செல்பவர் பாய் விரித்தால் போதும்; கீழ்நோக்கி வருபவரை நீரோட்டமே சுமந்து வரும். அல்லாஹ் அந்நாட்டு மக்களுக்கு அளித்த அருட்கொடை இது.

அப்பயணத்தில் இப்னு பதூதாவை மிகவும் கவர்ந்தது ஒன்று உண்டு. நைலில் செல்லும் பயணி கட்டுச்சோறு எடுத்துச் செல்லத் தேவையே இல்லை. உளூச் செய்யவோ, தொழவோ, உணவு வாங்கவோ விரும்பும்போதெல்லாம் கரையில் இறங்கலாம். இஸ்கந்தரிய்யாவிலிருந்து கெய்ரோ வரையிலும், அங்கிருந்து அஸ்வான் வரையிலும் கடைவீதிகள் இடைவிடாமல் தொடர்ந்தன என்கிறார். அந்நதியில் சுல்தானுக்கும் குடிமக்களுக்கும் சொந்தமாக 36,000 படகுகள் ஓடியதாகவும் அவர் குறிப்பிடுகிறார்.

ஆனால் நதி தரும் செல்வத்திற்கு ஓர் அளவும் உண்டு. வெள்ளம் 16 முழம் உயர்ந்தால் அரசின் வரி முழுமையாகக் கிடைக்கும். 17 முழமானால் செழிப்பு. 18-ஐ எட்டினால் பயிர்ச்சேதமும் நோயும் வரும். 16-க்கு இரண்டு முழம் குறைந்துவிட்டால் மக்கள் மழைவேண்டித் தொழுவர். மழை முந்தினாலும் பிந்தினாலும் உப்பு விளைச்சலை இழக்கும் நமக்கு, இக்கணக்கை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கெய்ரோவுக்குத் தெற்கேயும் நைல் கரையோர ஊர்கள் வழியாக அவர் பயணம் தொடர்ந்தது. மின்யா நகரின் குளியல் கூடத்தில் ஆடவர்கள் இடுப்பில் துணியின்றிக் குளிப்பதைக் கண்டு, அந்த 22 வயது இளைஞர் நேரே ஆளுநரிடம் சென்று முறையிட்டார். ஆளுநரும் உடனே கூடம் நடத்துவோரை அழைத்து, அவ்வழக்கத்தைத் தடுத்தார். மல்லவீ என்னும் ஊரில் 11 சர்க்கரை ஆலைகள் இருந்தன. எந்த ஏழையும் சுடச்சுட ரொட்டியைக் கொண்டுவந்து, கொதிக்கும் சர்க்கரைப் பாகில் தோய்த்து எடுத்துச் செல்லலாம், யாரும் தடுப்பதில்லை. ஓர் ஊரின் தொழில் வளத்தில் அவ்வூர் ஏழைக்கும் பங்கு உண்டு என்பதை இதனினும் இனிதாகச் சொல்ல முடியுமா?

செங்கடலின் அய்தாப் துறைமுகம் சென்றபோது, அங்கு நடந்த சண்டையால் மக்கா செல்லக் கப்பல் கிடைக்கவில்லை. மனம் தளராமல் திரும்பி வந்து, வெள்ளம் பெருகிய நைலில் எட்டு நாட்கள் படகில் கெய்ரோவுக்கு வந்து, சிரியா வழியாகச் சென்று அவ்வாண்டே ஹஜ்ஜை நிறைவேற்றினார்.

நம் கடற்கரையில்

அதன் பின் ஈராக், ஏமன், கிழக்கு ஆப்பிரிக்கா, துருக்கி எனச் சுற்றி, 1333-ல் சிந்து நதியை அடைந்தார். தில்லியில் சுல்தான் முஹம்மது பின் துக்ளக் அவரைக் காழியாக நியமித்தார். பின்னர் சீனாவுக்குத் தூதராகப் புறப்பட்டுக் கள்ளிக்கோட்டையில் கப்பல்களை இழந்து, மாலத்தீவில் காழியாக இருந்து, இலங்கையில் பாவா ஆதம் மலையேறி, 1344 வாக்கில் மஃபர் என்று அரபிகள் அழைத்த நம் சோழமண்டலக் கரையை நோக்கி வந்தார்.

கரை நெருங்கும் வேளையில் புயல் தாக்கியது. கப்பல் தரைதட்டியது. பாய்மரத்தை வெட்டி எறிந்து, கட்டைகளைப் பிணைத்துத் தெப்பமாக்கினர். தம்முடன் வந்தவர்களை அதில் ஏற்றி அனுப்பிவிட்டு, அவர் இரவு முழுவதும் கப்பலின் பின்புறத்திலேயே தங்கியிருந்தார். பொழுது விடிந்ததும் படகில் வந்து அவரைக் கரைசேர்த்தவர்கள் இம்மண்ணின் முஸ்லிமல்லாத மக்களே. புயலையும் கடலையும் அறிந்த நமக்கு, அந்நன்மையின் அருமை தெரியும்.

மதுரையை ஆண்ட சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு உறவினர். இருவரும் சகோதரியரை மணந்தவர்கள். ஆயினும் அச்சுல்தான் போரில் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதை இப்னு பதூதா மறைக்கவில்லை; அது கண்டிக்கத்தக்கது என்றே எழுதினார். உறவு வேறு, நீதி வேறு என்று உணர்ந்திருந்தார்.

பின்னர் மேற்குக் கரையில் கடற்கொள்ளையர் அவரிடமிருந்த அனைத்தையும் பறித்து, காற்சட்டையோடு கரையில் விட்டனர். கள்ளிக்கோட்டையில் ஒரு மார்க்க அறிஞர் ஆடையும், காழி தலைப்பாகையும், ஒரு வணிகர் மற்றோர் ஆடையும் அனுப்பினர்.

வங்கத்து நதியில்

அடுத்து வங்கம் சென்று, மலைப்பகுதியில் வாழ்ந்த ஷாஹ் ஜலால் (ரஹ்) அவர்களைச் சந்தித்து துஆ பெற்றார். அங்கிருந்து சோனார்காவ்ன் நகருக்கு 15 நாட்கள் நதிவழியே பயணம். இருபுறமும் ஊர்களும் பழத்தோட்டங்களும் நீர்ச்சக்கரங்களும் தொடர, கடைவீதியில் நடப்பது போலவே இருந்தது அவருக்கு. இளமையில் கண்ட நைல் நதி நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு படகிலும் ஒரு முரசு இருந்தது. இரு படகுகள் எதிர்ப்படும்போது முரசு கொட்டி ஒருவருக்கொருவர் முகமன் கூறினர். ஏழைத் துறவிகளிடம் படகுக் கூலி வாங்குவதில்லை. கையில் உணவில்லாதவருக்கு உணவும் அளித்தனர்.

தாயைக் காணாத மகன்

சுமத்ரா, சீனா சென்று திரும்பும் வழியில், 1348-ல் திமிஷ்கு (டமாஸ்கஸ்) நகரை அடைந்தார். தன்ஜாவிலிருந்து வந்திருந்த ஒருவர் மூலம் தம் தந்தையார் வஃபாத்தாகி 15 ஆண்டுகள் கடந்துவிட்ட செய்தியை அங்கேதான் அறிந்தார். அந்நகரில் தாம் விட்டுச்சென்ற, தம் கண்ணால் காணாத மகனும் 12 ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்டிருந்தான். தாயார் மட்டும் உயிருடன் இருப்பதாகச் செய்தி கிடைத்தது.

அது கொள்ளைநோய் உலகையே உலுக்கிய ஆண்டு. திமிஷ்கில் மக்கள் மூன்று நாள் நோன்பு நோற்று, முஸ்லிம்களும் யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஒன்றாக வெறுங்காலுடன் நடந்து சென்று இறைவனிடம் அழுது மன்றாடியதை அவர் கண்டார். 1349-ல் மொராக்கோவை அடைந்தபோது, அந்நோயே தம் தாயாரையும் கொண்டு சென்றுவிட்டது என்று அறிந்தார். தன்ஜா சென்று தாயின் கப்றை ஜியாரத் செய்ய மட்டுமே அவரால் முடிந்தது.

உப்பால் கட்டிய பள்ளிவாசல்

1352-ல் சஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றதே அவருடைய கடைசிப் பெரும் பயணம். வழியில் தகாஸா என்னும் ஊரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாறைகளால் கட்டப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரை வேயப்பட்டிருந்தன. நிலத்தைத் தோண்டினால் உப்புப் பாளங்கள். ஒட்டகம் ஒன்று இரண்டு பாளங்களைச் சுமக்கும். வாலாத்தாவில் ஒரு சுமை 8 முதல் 10 மிஸ்கால் பொன்னுக்கு விற்றது; மாலித் தலைநகரில் 20 முதல் 30 மிஸ்கால், சில சமயம் 40. உப்புத் துண்டுகளே நாணயமாகவும் வழங்கின. ஆனால் அதைத் தோண்டியவர்கள் அடிமைகள். அவர்களது தண்ணீர் உவர்நீர். உணவு வெளியூரிலிருந்து வர வேண்டும். பொன்னுக்கு நிகரான உப்பை எடுத்தவர் கையில் பொன் இருந்ததில்லை. உப்பள வரப்பில் வெயிலில் நிற்கும் நம் தொழிலாளிக்கு உரிய கூலியைக் காலத்தில் கொடுக்கிறோமா என்று நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டிய இடம் இது.

பின்னர் திம்புக்துவிலிருந்து ஒரே மரத்தைக் குடைந்து செய்த சிறு படகில் நைஜர் நதிவழியே காவோ நகருக்குச் சென்றார். ஒவ்வோர் இரவும் ஒரு கிராமத்தில் இறங்கி, உப்பும் நறுமணப் பொருளும் கண்ணாடி மணிகளும் கொடுத்து உணவு வாங்கினர். அந்நதியை அவர் நைல் என்றே எண்ணினார். அது பிழை, நைஜர் தனி நதி, அட்லாண்டிக் கடலில் கலக்கிறது. அத்தனை உலகம் கண்டவரும் தவறலாம் என்பதற்கு இதுவே சான்று. அடிமை முறையை அவர் கேள்வி கேட்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. அவர் மாலியிலிருந்து திரும்பிய வணிகக் கூட்டத்திலேயே 600 அடிமைப் பெண்கள் இருந்தனர். பெரியோரின் நன்மையை எடுத்துக்கொள்வோம். குறையைக் குறையென்றே அறிவோம்.

சுல்தான் அபூ இனானின் ஆணைப்படி இப்னு பதூதா சொல்லச் சொல்ல, இப்னு ஜுஸய் என்னும் அறிஞர் எழுதிய ‘ரிஹ்லா’ 1355-ல் நிறைவுற்றது. அதன் பின் ஓர் ஊரில் காழியாக இருந்து, 1368-69 வாக்கில் அவர் வஃபாத்தானார்.

நாம் பெறும் பாடம்

ஊர்களை இப்னு பதூதா அவற்றின் மாளிகைகளைக் கொண்டு மட்டும் நினைவில் வைக்கவில்லை. தொழ இறங்கிய துறை, பாகில் தோய்த்த ரொட்டி, குதிரையில் வந்த சில திர்ஹம், கள்ளிக்கோட்டைத் தலைப்பாகை என்று, பெற்ற நன்மையைக் கொண்டும் நினைவில் வைத்தார். இன்று நம் ஊர் வழியே கிழக்குக் கடற்கரைச் சாலை ஓடுகிறது. சென்னைக்கும் புதுவைக்கும் இடையே செல்லும் முஸாஃபிர்கள் உளூச் செய்யவும் தொழவும் நம் கரையில் இறங்குகின்றனர். ஒருமுறை நாமே வெளியூரில் பள்ளிக் கதவு பூட்டியிருக்கக் கண்டு, சாலையோர மரநிழலில் தொழுதோம். அந்நிலை நம் ஊருக்கு வருவோருக்கு நேரக் கூடாது. பூட்டில்லாத ஒரு கதவும், நீருள்ள ஒரு ஹவ்ளும், குடிக்க ஒரு குவளைத் தண்ணீரும் போதும்.

இரண்டாவது பாடம், கடல் கடந்து பொருளீட்டும் நம் இளைஞர்களுக்கு. இப்னு பதூதாவுக்குத் தந்தையின் மௌத்துச் செய்தி 15 ஆண்டுகள் கழித்தே வந்தது. அவருக்குத் தொலைபேசி இல்லை, நமக்கு இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் உங்கள் தாயாரை அழைத்து நலம் விசாரியுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை நன்மையாக்கி, நம் ஊரைப் பயணிகளுக்கு நிழல் தரும் ஊராக ஆக்கியருள்வானாக. ஆமீன்.