ஐடா ஸ்கடர் அம்மையார் சரிதம்

உலகில் பிறந்தார் யாவரும் ஒருநாள் பிணியால் வருந்துதல் இயல்பு. அவ்வாறு வருந்துங்கால் மருத்துவரது அறிவு எத்துணை வேண்டுமோ, பக்கத்திருந்து பணிபுரிவாரது கருத்தும் அத்துணை வேண்டும். மருந்தின் இலக்கணங் கூறவந்த திருவள்ளுவர், நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, அருகிருந்து உதவுவானையும் நான்காவதாக வைத்தெண்ணினமை அறிஞர் அறிந்ததே. அந்நான்காங் கூற்றைத் தமிழ்நாட்டில் ஒரு கலையாகவே பயிற்றுவித்து நிலைபெறச் செய்தவருள் தலைசிறந்த பெருமாட்டி ஒருவரது வரலாற்றை நம் குலத்து மாதர்க்கும் மைந்தர்க்கும் எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கம். அவ்வம்மையார் தம் இறுதி நாட்களை, நம் ஆடலூர் அமைந்துள்ள இப்பழனிமலைத் தொடரிலேயே, கோடைக்கானலில் கழித்தவராதலின், மலைநாட்டினராகிய நமக்கு அவர்பால் ஒருவகை உரிமையும் உண்டு.

ஐடா சோபியா ஸ்கடர் அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். இவருடைய பாட்டனாராகிய ஜான் ஸ்கடர் என்பார் 1819-ஆம் ஆண்டில் அமெரிக்காவினின்றும் புறப்பட்டு, முதலில் இலங்கையிலும் பின்னர்ச் சென்னையிலும் வைத்தியத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் மருத்துவரே. தாது வருஷப் பஞ்சத்தின் கொடுமையை அம்மையார் குழந்தைப் பருவத்திலேயே கண்டார். பசியால் வாடி வாயிலில் வந்து நின்ற சிறுவரின் முகம் அவர் நெஞ்சில் பதிந்தது. ஆயினும் அக்காட்சி அவரைத் தொண்டின்பால் ஈர்க்கவில்லை. அதினின்றும் விலகவே தூண்டிற்று. அமெரிக்காவில் கல்வி பயின்ற காலத்தில், தம் குடும்பத்தார் சென்ற வழியில் தாம் செல்வதில்லையென்றும், அந்நாட்டிலேயே இல்லறம் நடத்தி இன்புற்று வாழ்வதென்றும் அவர் உறுதி கொண்டிருந்தார். 1890-ஆம் ஆண்டில் தாயார் நோயுற்றமையால், அவரைப் பேணிவிட்டுத் திரும்புங் கருத்துடனேயே திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவில் நிகழ்ந்தது அவர் வாழ்வைத் திருப்பிவிட்டது. அந்தணர் ஒருவர் வந்து, பிரசவ வேதனையால் உயிருக்கு மன்றாடும் தம் இளமனைவியைக் காக்க வேண்டுமென்று இரந்தார். தமக்கு மருத்துவந் தெரியாதென்றும், தந்தையாரை அழைத்து வருவதாகவும் அம்மையார் கூறினார். அந்நிய ஆடவன் தம் மனைவியைத் தீண்டுதல் ஆசாரத்திற்குப் பொருந்தாதென்று கூறி அவர் வருந்தித் திரும்பினார். அவ்விரவே இஸ்லாமியர் ஒருவரும், உயர்குலத்து இந்து ஒருவரும் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே காரணத்தால் வெறுங்கையுடன் சென்றனர். மறுநாட் காலையில் வினவியபோது அப்பெண்கள் மூவரும் இறந்துபட்டமை தெரியவந்தது.

இவ்விடத்து நாமும் சிறிது நின்று சிந்தித்தல் வேண்டும். அம்மூவரும் கொடியரல்லர். மனைவியர்பால் அன்பில்லாதவராயின் நள்ளிரவில் அயலார் வாயிலைத் தட்டியிரார். மருத்துவர் கூப்பிடு தூரத்தில் இருந்தார், மருந்தும் இருந்தது. நோயாளியினிடம் அவை சென்றுசேரும் வழியை வழக்கமே அடைத்தது. சாதியும் சமயமும் வேறாயினும் மூன்று வீடுகளிலும் அடைபட்ட கதவு ஒன்றே.

அன்றே அம்மையார் மருத்துவங் கற்கத் துணிந்தார். அமெரிக்கா சென்று, முதலில் பிலடெல்பியா நகரத்து மாதர் மருத்துவக் கல்லூரியிலும் பின்னர்க் கார்னெல் மருத்துவக் கல்லூரியிலும் பயின்று 1899-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். செல்வர் ஒருவர் காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலருடன் 1900-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாயகம் போன்ற இந்நாட்டை அடைந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் இறந்தார். வழிகாட்டுவார் இன்றியும் மனந்தளராது, வேலூரில் தம் இல்லத்திலேயே சிறியதொரு மருந்தகம் நடத்தினார். 1902-ஆம் ஆண்டில் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் ஆஸ்பத்திரி திறக்கப்பெற்றது.

தொடக்கத்தில் அறுவைச் சிகிச்சைக்கு அவருக்குத் துணைநின்றவர், வீட்டுப் பணியாளரின் மனைவியாகிய சலோமி என்பவரே. ஒருவர் இருவரைக் கொண்டு பெரும்பணி நடவாதென்பதை உணர்ந்த அம்மையார் 1909-ஆம் ஆண்டில் தாதியர் பயிற்சிப் பள்ளியைத் தோற்றுவித்தார். அந்நாளில் இரத்தத்தையும் சீழையும் தீண்டும் தொழில் இழிந்ததென்று பலரும் கருதினர். நற்குடியிற் பிறந்த பெண்களை அனுப்பத் தயங்கினர். ஆங்கில நாட்டிலும் முன்னர் அவ்வெண்ணமே இருந்தது. அதனை மாற்றிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1854-ஆம் ஆண்டில் கிரிமியப் போரில் காயமுற்றோரைப் பேணச் சென்றவர். புண்ணால் இறந்தாரினும், தூய்மையின்மையால் தொற்றிய நோய்களால் இறந்தார் மிகப் பலர் என்பதை மரணக் கணக்கெடுத்து, படம் வரைந்து அரசினர்க்கு நிறுவிக் காட்டினார். 1860-ஆம் ஆண்டில் இலண்டனில் தாதியர் பள்ளி நிறுவினார். இரக்கம் மட்டும் போதாது, கண்டறிந்த உண்மையே செயலுக்கு அளவுகோலாதல் வேண்டும் என்பதே அவர் காட்டிய நெறி. வேலூர்ப் பள்ளியும் அந்நெறியில் தோன்றியதே.

அந்நெறி யாதெனச் சுருங்கக் கூறுவாம். நோயாளி ஆஸ்பத்திரியுள் புகுந்தவுடன் நாடி, மூச்சு, உடற்சூடு இவற்றை அளந்து எழுதுதல். முன்னர் உண்ட மருந்துகள் எவை, ஒவ்வாதது எது, வீட்டில் பேணுவார் யாவர் என்று வினவி அறிதல். ஒருவரைத் தொட்ட கையைக் கழுவாமல் மற்றொருவரைத் தொடாதிருத்தல் என்பன முதற்கண் செய்யற்பாலன. கை கழுவுதலின் பயனை 1847-ஆம் ஆண்டிலேயே வியன்னா நகரத்துப் பிரசவ விடுதியில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர் மரணக் கணக்கால் மெய்ப்பித்தார். நோயாளியை வீட்டுக்கு அனுப்புங்காலும் தாதியின் கடமை குறைவதில்லை. எம்மருந்தை எவ்வேளை உண்பது, எதனை நிறுத்துவது, எக்குறி தோன்றின் உடனே திரும்பி வருவது என்பவற்றைத் தாய்மொழியில் விளங்கக் கூறுதல் வேண்டும். கூறியதை நோயாளி வாயாலேயே திரும்பச் சொல்லக் கேட்டாலன்றிக் கூறியதாகாது.

ஆஸ்பத்திரியின் வாயிலோடு மருத்துவம் முடிவதில்லை என்பதை ஸ்கடர் அம்மையார் நன்குணர்ந்திருந்தார். ஆதலின் வாரந்தோறும் வண்டியேறிக் குடியாத்தம் சாலை வழியே சென்று, மரநிழல்களில் காத்திருந்த கிராமத்தார்க்குப் புண் கழுவிக் கட்டி மருந்தளித்து வந்தார். நகருக்கு வரவியலாதாரை நாடி மருத்துவமே சென்றது.

1918-ஆம் ஆண்டில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கினார். பெண்கள் தேறுவரோ என்று அரசாங்க மருத்துவ அதிகாரி ஐயுற்றார். முதல் தேர்வுக்குச் சென்ற மாணவியர் 14 பேரும் ஒருவர் தவறாமல் தேறினர். 1946-ஆம் ஆண்டில் அங்கே தாதியர்க்குப் பட்டப்படிப்பும் தொடங்கிற்று. இந்தியாவில் இத்தகைய படிப்பை முதன்முதல் அளித்தவை அவ்வாண்டில் வேலூரும் டில்லியுமே. அவ்வாண்டிலேயே அம்மையார் ஓய்வுபெற்றுக் கோடைக்கானலில் வாழ்ந்து, 1960-ஆம் ஆண்டு மே மாதம் தம் 89-ஆம் வயதில் அம்மலையிலேயே உயிர்நீத்தார். இல்லறம் வேண்டிய அவர் மணம் புரியவேயில்லை.

நிற்க. இவ்வரலாறு நமக்கு எற்றுக்கு எனின், கூறுவாம். சில ஆண்டுகளுக்கு முன் எம் சிறிய தகப்பனார் நீரிழிவு நோயால் சமவெளியிலுள்ள ஓர் ஆஸ்பத்திரியில் இருந்து வீடு திரும்பினார். கையில் புதிய மாத்திரைகளும், ஆங்கிலத்தில் எழுதிய ஒரு தாளும் கொடுத்தனுப்பினர். பழைய மாத்திரையை நிறுத்த வேண்டுமென்பது அத்தாளில் இருந்தது. எவரும் வாயால் கூறவில்லை. அவர் இரண்டையும் உண்டார். நான்காம் நாள் இரவு காப்பித் தோட்டத்து வீட்டில் வியர்த்து நினைவிழந்தார். மூடுபனியில் மலைச்சாலை வழியே அவரை இறக்கிக் கொண்டுசென்ற நேரம் எமக்கு ஓர் ஊழியாயிற்று. உயிர் பிழைத்தார், பழைய வலிமை மீளவில்லை. அன்று நம் ஊர்ப் பெண்ணொருத்தி தாதியாக அண்டை வீட்டில் இருந்து அத்தாளைப் படித்திருப்பாளாயின் இத்துன்பம் நேர்ந்திராது.

நம் பெண்மக்கள் பலர் இன்று கல்வியில் சிறந்து விளங்குகின்றனர். ஆயினும் தாதித் தொழில் என்றவுடன், இரவு வேலை என்றும், பிறரைத் தீண்டும் வேலை என்றும், மணத்திற்குத் தடை என்றும் கூறும் பெற்றோர் நம்மிடை இன்னும் உளர். திண்டிவனத்து வீடுகளில் அடைபட்ட கதவும் இத்தகைய சொற்களால் ஆகியதே. மகளைப் பயிற்சிக்கு அனுப்ப விழையும் குடும்பத்தார் பொருட்குறையால் தயங்குவாராயின், அவர்க்குத் துணைபுரிதல் நம் சங்கத்தின் கடமை. கல்யாணத்திற்கும் கோயில் விழாவிற்கும் நாம் மனமுவந்து செலவிடும் பொருளில் ஒரு சிறுகூறு இதற்குப் போதும்.

நம் ஆடலூர்ப் பெண்கள் சிலரேனும் அப்பயிற்சி பெற்று இம்மலைக்கே திரும்பி வருவாராயின், ஸ்கடர் அம்மையார்க்கு நாம் செலுத்தும் நன்றி அதுவேயாகும்.