டாக்டர் வி: கண்புரை நோயாளிகளின் காத்திருப்பைக் குறைத்த மதுரைக்காரர், 11 படுக்கையில் தொடங்கியது எப்படி?

கண்புரையால் போகும் பார்வையை ஆபரேஷன் மூலம் பெரும்பாலும் மீட்டுவிடலாம். ஆனா அந்த ஆபரேஷன் எப்போ நடக்கும் என்பதுதான் பிரச்னை. ஒரு விவசாயக் கூலிக்கு ஒவ்வொரு நாள் தாமதமும் ஒரு நாள் சம்பளம். துணைக்கு வருபவரின் கூலியும் அதோடு சேர்ந்து போகும். இந்தக் காத்திருப்பைக் குறைக்கவே வாழ்நாளைச் செலவிட்டவர் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர் ஜி.வெங்கடசாமி. 'டாக்டர் வி' என்றால் பலருக்கும் தெரியும்.

யார் இந்த டாக்டர் வி?

எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் 1918 அக்டோபர் 1ல் விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944ல் டாக்டர் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்பது அவரது ஆசை. ஆனா கடுமையான முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுத்த படுக்கை. கை விரல்கள் கோணிப்போயின. வேறு யாராக இருந்தாலும் அறுவை சிகிச்சையை மறந்திருப்பார்கள். இவரோ கண் மருத்துவம் படித்து, அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகினார். வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்களைச் செய்தார்.

1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவர். 1973ல் பத்மஸ்ரீ.

ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

1976ல் அரசுப் பணியில் இருந்து ஓய்வு. வயது 58ஐ நெருங்கிய நேரம். மதுரை அண்ணா நகரில் 11 படுக்கைகளோடு அரவிந்த் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டடத்துக்காக வீடு அடமானம் போனது, குடும்பத்து நகைகளும் அடகுக்குப் போயின. தங்கை நாச்சியார், அவரது கணவர் நம்பெருமாள்சாமி உட்பட குடும்பத்து டாக்டர்கள் தோள் கொடுத்தனர். பணம் கட்டுவோரிடம் கிடைக்கும் வருமானத்தில், கட்ட முடியாதவர்களுக்கும் சிகிச்சை. இதுதான் திட்டம்.

நேரத்தை எங்கே மிச்சப்படுத்தினார்?

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகள் அவரை யோசிக்க வைத்தன. எந்த ஊர் கடைக்குப் போனாலும் ஒரே தரம், ஒரே வேகம். வேலையைச் சின்னச் சின்ன படிகளாகப் பிரித்ததுதான் காரணம். கண் சிகிச்சையையும் அப்படிப் பிரிக்க முடியாதா என்று கேட்டார்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஆபரேஷனுக்கு 10 நிமிடம், அடுத்த நோயாளியைத் தயார் செய்ய 10 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே மேஜை என்றால் மணிக்கு 3 பேர்தான். பாதி நேரம் டாக்டர் சும்மா நிற்பார். பக்கத்திலேயே இரண்டாவது மேஜை போட்டு, அங்கே அடுத்தவரைத் தயாராக வைத்தால்? மணிக்கு 6 பேர். டாக்டர் அவசரப்படவே இல்லை. வீணான நிமிடங்கள்தான் குறைந்தன.

அரவிந்தில் நடந்தது இதுதான். பார்வைப் பரிசோதனை, கண் அழுத்தம் பார்ப்பது, நோயாளியைத் தயார் செய்வது எல்லாம் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பொறுப்பு. இவர்களில் பலர் கிராமத்துப் பெண்கள். டாக்டர் மட்டுமே செய்யக்கூடிய வேலை மட்டும் டாக்டருக்கு.

கிராமத்தில் இருந்து மேஜை வரை

காத்திருப்பு ஆஸ்பத்திரிக்குள் மட்டுமா இருக்கு? முகாமில் பரிசோதித்துவிட்டு, அப்புறம் மதுரைக்கு வாங்க என்று சொன்னால் பலர் வரவே மாட்டார்கள். பஸ் செலவு, சாப்பாடு, துணைக்கு ஆள் என ஆயிரம் தடை. அதனால் ஆபரேஷன் தேவைப்படுவோரை முகாமில் இருந்தே பஸ்ஸில் அழைத்து வந்தனர். சாப்பாடு, தங்குமிடம், ஆபரேஷன், திரும்பிப் போகும் பயணம் எல்லாம் சேர்ந்து ஒரே ஏற்பாடு.

அடுத்த தடை, கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ். வெளிநாட்டு லென்ஸ் விலை ஏழைகளுக்கு எட்டாதது. 1992ல் தொடங்கிய ஆரோலேப் மதுரையிலேயே அதைத் தயாரித்து, விலையைப் பல மடங்கு குறைத்தது.

இன்றைக்கு இது ஏன் முக்கியம்?

நோயாளி எந்தப் படியில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று காட்டும் 'வொர்க்ஃப்ளோ' மென்பொருள்கள் இப்போது மருத்துவமனைகளுக்கு வந்துவிட்டன. பதிவு, பரிசோதனை, ஸ்கேன், ஆபரேஷன் என ஒவ்வொரு கட்டத்தையும் வரைபடமாக்கி, எங்கே தேங்குகிறது என்று அவை சொல்லும். தேங்கும் இடத்தில் யாரை நிறுத்துவது, எந்த வேலையை யாரிடம் கொடுப்பது என்பதை மனிதர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். டாக்டர் வி அதை 1970களிலேயே தொடங்கிவிட்டார்.

1993ல் ஹார்வர்டு வணிகப் பள்ளி அரவிந்தைப் பாடமாக எழுதியது. இந்த முறையைப் பிற மருத்துவமனைகளுக்குக் கற்றுத்தர 'லைகோ' என்ற பயிற்சி நிறுவனமும் மதுரையில் இயங்குகிறது.

2006 ஜூலை 7ல், 87வது வயதில் டாக்டர் வி காலமானார். 11 படுக்கையில் தொடங்கிய அரவிந்த், இன்று உலகின் மிகப்பெரிய கண் சிகிச்சை அமைப்புகளில் ஒன்று.