ரோசன்பிளாட்டும் தப்பு செய்து படித்த மெஷினும்

மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று யூனியன் செயலாளர் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தது, நம்ம லேப் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் பொட்டென்ஷியோமீட்டர்தான். குமிழைத் திருகினால் மின்தடை மாறும், அவ்வளவுதானே என்று நானும் நினைத்திருந்தேன். அந்தக் குமிழை மோட்டார் வைத்துத் திருப்பி, ஒரு மெஷினுக்குப் பாடம் கற்றுக்கொடுத்தவர் ஒருவர் இருந்தார். பெயர் ஃபிராங்க் ரோசன்பிளாட்.

1928 ஜூலை 11 அன்று அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்து நியூ ரோஷெல் என்ற ஊரில் பிறந்தார். படித்தது பிராங்க்ஸ் அறிவியல் உயர்நிலைப் பள்ளி. ஏறக்குறைய அதே காலத்தில் அங்கே படித்த இன்னொருவர் மார்வின் மின்ஸ்கி. இந்தப் பெயரைக் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

ரோசன்பிளாட் 1956ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கியது மனோதத்துவத்தில். எலெக்ட்ரானிக்ஸ்காரரே இல்லை, பாருங்கள்! மூளை எப்படிக் கற்கிறது என்பதுதான் அவர் கேள்வி. பஃபலோ நகரில் இருந்த கார்னெல் விமானவியல் ஆய்வுக்கூடத்தில் 1957ல் பெர்செப்ட்ரான் என்ற யோசனையை எழுதி வைத்தார். அமெரிக்கக் கடற்படை பணம் கொடுத்தது. 1958ல் ஐ.பி.எம். 704 கம்ப்யூட்டரில் ஓட்டிக் காட்டினார்கள். இடப்பக்கம் குறியிட்ட அட்டை எது, வலப்பக்கம் குறியிட்டது எது என்று 50 தடவை பார்த்த பிறகு அதுவே பிரித்துச் சொன்னது. பத்திரிகைக்காரர்கள் விடுவார்களா? நாளைக்கே நடக்கும், பேசும் என்று எழுதித் தள்ளினார்கள். அவரும் கொஞ்சம் அடக்கிப் பேசியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

அடுத்து நிஜமாகவே கட்டிய மெஷின்தான் மார்க் 1. 1960ல் மக்களுக்குக் காட்டினார்கள். வரிசைக்கு 20 வீதம் 20 வரிசை, மொத்தம் 400 போட்டோசெல். அதுதான் கண். அங்கிருந்து தாறுமாறாக இழுத்த ஒயர்கள் 512 அலகுகளுக்குப் போகும். ஒவ்வொரு அலகின் பேச்சுக்கும் எவ்வளவு மதிப்பு என்பதைப் பொட்டென்ஷியோமீட்டர் வைத்திருக்கும். எல்லாவற்றையும் கூட்டி, ஒரு அளவைத் தாண்டினால் ஒரு பதில், தாண்டாவிட்டால் இன்னொரு பதில். பதில் சரியென்றால் ஒன்றும் செய்யாது. தப்பென்றால்தான் மோட்டார் ஓடும், குமிழ் கொஞ்சம் திரும்பும். அரியர் வைத்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும் (அடியேனும் உண்டு).

சரி, சிக்கல் எங்கே வந்தது? ஒர்க் ஷாப்பில் மாடிப்படி ஒயரிங் செய்திருப்பீர்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச். ஒன்றை மட்டும் போட்டால் விளக்கு எரியும், இரண்டையும் போட்டால் அணையும். டிஜிட்டல் பாடத்தில் வரும் எக்ஸ்-ஆர் கேட் இதுதான். ஒரே அடுக்குள்ள பெர்செப்ட்ரானுக்கு இது வராது. ஏனென்றால் அது வெறும் கூட்டல் மட்டுமே போடுகிறது. ஒவ்வொரு சுவிட்சும் தனியாகவே விளக்கை எரிய வைக்கும் அளவுக்கு மதிப்பு ஏற்றினால், இரண்டும் சேர்ந்தால் கூட்டுத்தொகை இன்னும் ஏறும், இறங்காது. அப்புறம் எப்படி அணையும்?

1969ல் இந்த மாதிரி வரம்புகளைக் கணக்குப் போட்டு நிரூபித்து ஒரு புத்தகமே வந்தது. எழுதியவர்கள் அதே மின்ஸ்கியும் சேமூர் பேப்பர்ட்டும். கணக்கு சரிதான். ஆனால் அதன் பிறகு இந்த வழியில் ஆராய்ச்சி செய்யப் பணமும் ஆளும் குறைந்து போயின. அடுக்கைக் கூட்டினால் எக்ஸ்-ஆர் வரும் என்பது தெரிந்த விஷயம்தான். பல அடுக்குகளைப் பற்றி ரோசன்பிளாட்டே 1962ல் தன் புத்தகத்தில் எழுதியிருந்தார். உள் அடுக்கிலுள்ள குமிழ்களை எப்படித் திருப்புவது என்பதற்குத்தான் நல்ல வழி கையில் இல்லை.

அவர் சும்மா உட்காரவில்லை. பழக்கிய எலியின் மூளைச் சாற்றைப் பழகாத எலிக்கு ஏற்றினால் படிப்பும் கூடப் போகுமா என்று பார்த்தார். பெரிதாக ஒன்றும் தேறவில்லை. வானத்தைப் பார்க்க வீட்டருகே தொலைநோக்கிக் கூடம் வைத்திருந்தார். 1971 ஜூலை 11, அவருடைய 43வது பிறந்தநாள். செசபீக் விரிகுடாவில் படகில் போனவர் விபத்தில் இறந்துபோனார்.

தப்பைப் பின்னோக்கி அனுப்பி உள் அடுக்குகளையும் திருத்தும் முறையை ரூமல்ஹார்ட், ஹின்டன், வில்லியம்ஸ் மூவரும் 1986ல் வெளியிட்டுக் கவனத்துக்குக் கொண்டுவந்தார்கள். மாடிப்படி விளக்கு எரிந்தது, அணைந்தது! 2024ல் இயற்பியல் நோபல் பரிசு ஹாப்ஃபீல்டுக்கும் ஹின்டனுக்கும் போனது. ரோசன்பிளாட் இருந்திருந்தால் அந்த வருஷம் அவருக்கு 96 வயது.