லுட்விக் குட்மன்: கட்டிலிலிருந்து வேலைத்தலம் வரை

போரில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்விழந்த பலர் நம் மத்தியில் வாழ்கிறார்கள். உயிர் தப்பிய பின்னர் அவர்களையும் அவர்களது குடும்பங்களையும் வாட்டுவது வருமானம் பற்றிய கேள்வி. அதற்கு வைத்தியசாலைக் கட்டிலிலேயே விடை தேடத் தொடங்கியவர் வைத்தியர் லுட்விக் குட்மன். பராலிம்பிக் போட்டிகளின் தந்தையாகவே உலகம் அவரை அறியும். தன் நோயாளிகள் உழைத்துச் சம்பளம் பெற்று, வரி செலுத்தும் மனிதர்களாக வாழவேண்டும் என்பதே அவரது பெருவிருப்பம்.

1899 இல், அன்று ஜேர்மனியின் பகுதியாக இருந்த சிலேசியாவில் யூதக் குடும்பமொன்றில் குட்மன் பிறந்தார். 1917 இல் வைத்தியசாலையொன்றில் தொண்டராக இருந்தபோது, முதுகெலும்பு முறிந்த இளம் சுரங்கத் தொழிலாளி ஒருவரைக் கண்டார். அவர் பிழைக்கமாட்டார் என்று வைத்தியர்கள் முன்கூட்டியே முடிவுகட்டியிருந்தனர். சில வாரங்களில் அந்த இளைஞர் இறந்துபோனார். அந்த மரணத்தைக் குட்மன் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை.

நரம்பியல் வைத்தியராகப் பெயர் பெற்றுவந்த அவரை 1933 இல் நாசிகள் பதவியிலிருந்து விலக்கினர். பின்னர் பிரெஸ்லோ நகர யூத வைத்தியசாலையில் பணியாற்றினார். 1938 நவம்பரில் யூதர்கள் வேட்டையாடப்பட்ட இரவில், தஞ்சம் கேட்டு வந்தவர்களை நோயாளிகளாகச் சேர்த்துக்கொண்டார். விசாரணைக்கு வந்த அதிகாரிகளிடம் ஒவ்வொருவருக்கும் ஒரு நோயைச் சொல்லி, சுமார் 60 பேரைக் காப்பாற்றினார். 1939 இல் மனைவி, இரு பிள்ளைகளுடன் இங்கிலாந்துக்கு அகதியாகச் சென்றார்.

1944 பெப்ரவரியில் ஸ்டோக் மண்டவில் வைத்தியசாலையில் முள்ளந்தண்டு வடப் பிரிவு அவரது பொறுப்பில் திறக்கப்பட்டது. அந்நாளில் இத்தகைய காயமடைந்தவர்களைப் பெரும்பாலும் கொன்றது காயமல்ல. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றுமே. இரவு பகலாக இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் படுக்கவைக்கும் ஒழுங்கைக் குட்மன் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தினார்.

உயிர் காப்பதோடு அவர் நிற்கவில்லை. மரவேலை, மணிக்கூடு திருத்துதல், தட்டச்சு ஆகியவை சிகிச்சையின் பகுதியாகின. வேலை நேர ஒழுங்கு, நீண்ட நேரம் உட்காரும் பழக்கம், தன் உடலைத் தானே கவனிக்கும் பயிற்சி எல்லாம் அங்கேயே கிடைத்தன. ஒரு படுக்கைப் புண் ஒருவரை மாதக்கணக்கில் மீண்டும் கட்டிலில் போட்டுவிடும். கிடைத்த வேலையும் அதோடு போய்விடும். ஆகவே தோலைக் காப்பது வேலையைக் காப்பதாகவும் இருந்தது.

அதே 1944 இல் பிரித்தானியா மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்புக்கென ஒரு சட்டம் கொண்டுவந்தது. 20 பேர் அல்லது அதற்கு மேல் பணிபுரியும் நிறுவனங்களுக்கு ஒதுக்கீடு விதிக்கப்பட்டு, அது 3 வீதமாக நிர்ணயிக்கப்பட்டது. பல முதலாளிகள் அதைப் பொருட்படுத்தவில்லை. சட்டம் மட்டும் போதாது, சக்கர நாற்காலியில் வருபவரால் எதைச் செய்யமுடியும் என்பதைச் சமூகம் கண்ணால் காணவேண்டும் என்பதையும் குட்மன் உணர்ந்திருந்தார். 1948 ஜூலையில் 16 பேருடன் அவர் நடத்திய வில்வித்தைப் போட்டி, 1960 இல் ரோமில் சுமார் 400 வீரர்கள் கலந்துகொண்ட சர்வதேசப் போட்டியாக வளர்ந்தது. 1966 இல் சேர் பட்டம் பெற்ற அவர், 1980 இல் காலமானார்.

இலங்கையிலும் அரச துறை வெற்றிடங்களில் 3 வீதத்தை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கும் சுற்றறிக்கை 1988 இலேயே வெளியானது. ஆனால் சக்கர நாற்காலி ஏறமுடியாத பேருந்தும், அதற்கேற்ற கழிப்பறை இல்லாத அலுவலகமும் இருக்கும்வரை அந்த 3 வீதம் காகிதத்திலேயே நிற்கும். வேலை கொடுப்பவர் செய்யவேண்டியவை பெரிய காரியங்களல்ல: ஒரு சாய்தளம், அகலமான கதவு, உயரம் பொருந்திய மேசை, உடலின் பாரத்தை மாற்றி உட்கார இடையிடையே சில நிமிடங்கள். வேலைக்கு எடுத்த ஒருவர் அடுத்த ஆண்டும் அங்கே இருப்பதற்கு இவை வேண்டும்.