காவல் நின்ற முதியவர்

நுழையும்முன்

படையும் சட்டமும் அடக்க இயலாத கலவரத்தை, எழுபத்தேழு அகவை முதியவர் ஒருவர் பாழடைந்த வீடொன்றில் தங்கித் தணித்தார். அஞ்சி வீட்டுக்குள் ஒடுங்கியிருந்த மக்களும் அவருக்காகத் தெருவுக்கு வந்தனர். காந்தியடிகளின் இறுதிக்கால வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

அறப்போர் பயின்ற களம்

மோகன்தாஸ் கரம்சந்த் காந்தி, 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் குஜராத்தின் போர்பந்தரில் பிறந்தார். 1893இல் வழக்கறிஞராகத் தென்னாப்பிரிக்கா சென்றவர், 1914 வரை அங்கு அறப்போர் பயின்றார். பிறரைத் துன்புறுத்தாமல் தாமே துன்பமேற்கும் அப்போரில் தமிழ்த் தொழிலாளர்கள் பெருந்துணையாக நின்றனர். சிறைசென்று, விடுதலையான சில நாள்களில் உயிர்நீத்த தில்லையாடி வள்ளியம்மையின் உறுதியை அவர் இறுதிவரை மறக்கவில்லை.

அவ்வறத்திற்குக் கடுஞ்சோதனை, நாடு விடுதலையடையும் வேளையில் வந்தது. 1946 ஆகஸ்டு 16ஆம் நாள் கல்கத்தாவில் தொடங்கிய மதக் கலவரத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அத்தீ அக்டோபரில் நவகாளிக்குப் பரவியது. காந்தியடிகள் அங்குச் சென்று, 1947 ஜனவரி முதல் ஊர் ஊராக வெறுங்காலுடன் நடந்தார்.

ஒரே கூரையின் கீழ்

1947 ஆகஸ்டில் அவர் மீண்டும் நவகாளிக்குப் புறப்பட்டார். வழியில் கல்கத்தா இசுலாமியர்கள், தங்கள் உயிருக்குக் காவலாகத் தங்குமாறு அவரை வேண்டினர். நவகாளியில் இந்துக்களின் பாதுகாப்புக்கு அவர்கள் பொறுப்பேற்றால் தங்குவதாக இசைந்தார். வங்க மாகாண ஆட்சித் தலைவராக இருந்த சுஹ்ரவர்தியையும் தம்முடன் ஒரே வீட்டில் வாழுமாறு அழைத்தார். முந்தைய ஆண்டின் கொலைகளுக்குச் சுஹ்ரவர்தியே காரணம் என இந்துக்கள் பலர் கருதியிருந்த காலம் அது.

ஆகஸ்டு 13ஆம் நாள், பெலியகாட்டா பகுதியிலிருந்த ஹைதரி மன்சில் என்னும் கைவிடப்பட்ட வீட்டில் இருவரும் குடிபுகுந்தனர். சினமுற்ற இளைஞர்கள் கல்லெறிந்தனர். காந்தியடிகள் அவர்களை உள்ளே அழைத்துப் பொறுமையுடன் உரையாடினார். நாடு விடுதலை பெற்ற ஆகஸ்டு 15ஆம் நாளை அவர் விழாவாகக் கொண்டாடவில்லை. உண்ணாநோன்பிலும் வழிபாட்டிலும் நூற்பிலும் கழித்தார். அன்று இருசமயத்தாரும் தெருக்களில் கூடி மகிழ்ந்தனர்.

நோன்பும் நகரமும்

அம்மகிழ்ச்சி இரு வாரமே நீடித்தது. ஆகஸ்டு 31 இரவு ஒரு கூட்டம் அவ்வீட்டுக்குள் புகுந்து பொருள்களை உடைத்தது. காந்தியடிகளை நோக்கி வீசப்பட்ட செங்கல் மயிரிழையில் தவறியது. மறுநாள் நகரெங்கும் வன்முறை மூண்டது. நகரம் நல்லறிவு பெறும்வரை உண்பதில்லை என அன்றிரவே அவர் முடிவு செய்தார்.

அப்போது மேற்கு வங்க ஆளுநராக இருந்தவர் இராஜாஜி. அவர் விரைந்துவந்து நோன்பைத் தடுக்க வாதாடினார். கொலைவெறி பிடித்த கயவர்களை நோன்பு எவ்வாறு திருத்தும் என்பது அவர்தம் ஐயம். கயவர்களின் பின்னால் இருப்போரின் நெஞ்சைத் தொடுவதே தம் நோக்கம் எனக் காந்தியடிகள் விளக்கினார். நல்லோர் வாய்மூடி இருப்பதால்தான் தீயோருக்குத் துணிவு பிறக்கிறது என்பது அவர் கருத்து. நீருடன் எலுமிச்சைச் சாறும் சேர்த்துக்கொள்ள அவர் கருதியிருந்ததை இராஜாஜி சுட்டிக்காட்டினார். முழுமையாக இறைவனிடம் தம்மை ஒப்படைப்பவருக்கு அச்சாறு எதற்கு என்று வினவினார். வாதத்தின் நேர்மையை உணர்ந்த காந்தியடிகள், அறிக்கையிலிருந்து அச்சொற்களை அடித்துவிட்டார்.

அந்நோன்பு வாய்மூடி இருந்தோரை எழுப்பியது. மாணவர்களும் பெண்களும் அமைதி ஊர்வலமாகத் தெருக்களில் வந்தனர். வடகல்கத்தாவின் காவலர்கள், பணியில் இருந்தவாறே ஒருநாள் நோன்பிருந்தனர். அமைதிக்காகத் தெருவில் இறங்கியவர்களுள் சச்சின் மித்ரா, ஸ்மிரிதீஷ் பானர்ஜி ஆகியோர் அந்நாள்களில் தாக்குண்டு உயிர்நீத்தனர். ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் வந்து, அவற்றை அவர் காலடியில் ஒப்படைத்தனர்.

செப்டம்பர் 4ஆம் நாள், எல்லாச் சமயத் தலைவர்களும் இனி வன்முறையை அனுமதியோம் என உறுதிமொழியில் கையொப்பமிட்டனர். வன்முறை மீண்டும் எழுந்தால் அதைத் தடுக்க உயிரையும் ஈவதாக அவர்கள் ஏற்ற பின்னரே காந்தியடிகள் இசைந்தார். 73 மணிநேர நோன்பு, சுஹ்ரவர்தி அளித்த பழச்சாற்றுடன் நிறைவுற்றது. பஞ்சாபில் பல்லாயிரம் படைவீரர்களால் தடுக்க இயலாத கொலைகளை, வங்கத்தில் ஒரு மனிதர் தடுத்துவிட்டதாக மவுண்ட்பேட்டன் வியந்து பாராட்டினார்.

அணையாத காவல்

மூன்றாம் நாள் காந்தியடிகள் தில்லிக்குப் புறப்பட்டார். அங்கும் கலவரம் அவரை எதிர்கொண்டது. 1948 ஜனவரி 13 முதல் 18 வரை மீண்டும் நோன்பிருந்து அமைதி காத்தார். நோன்பு முடிந்த பன்னிரண்டாம் நாள், ஜனவரி 30 மாலை, வழிபாட்டுக்கு நடந்து செல்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

காந்தியடிகள் கல்கத்தாவை விட்டு நீங்கிய பின்னும் அந்நகர மக்கள் தாம் அளித்த வாக்கைக் காத்தனர். தம் தெருவின் அமைதிக்குத் தாமே பொறுப்பு என்பதை, அந்த மூன்று நாள்கள் அவர்களுக்குக் கற்பித்திருந்தன.